கொல்லிமலைப் பாட்டியார்

குலப் பெரியோர் சரிதங்களை வெளியிடுதல் சங்க இதழ்களின் நெடுநாள் வழக்கம். ஆயின் அச்சரிதங்களைப் புரட்டிப் பார்ப்போமானால் பெரும்பாலும் ஆடவர் பெயரே காணப்படும். மூதாட்டியர் பெயர் எங்கே? கணவனை இழந்த அன்றே ஒரு பெண்ணின் பொதுவாழ்வு முடிந்தது என்றும், அறுபதைக் கடந்தவள் வீட்டின் ஒரு மூலையில் ஒதுங்கியிருத்தலே முறை என்றும் கருதும் எண்ணம் நம்மிடையே இன்னும் முற்றும் ஒழிந்திலது. ஆகவே, பிறப்பாலும் சமயத்தாலும் வேறுபட்டவராயினும், நம் குடும்பங்கள் யாவும் அறியவேண்டிய ஒரு பாட்டியாரின் வரலாற்றை இங்கே எழுதப் புகுந்தோம்.

கொல்லிமலை என்றவுடன் கடையெழு வள்ளல்களுள் ஒருவனான வல்வில் ஓரியும், அறப்பளீசுவரர் திருக்கோயிலும் நம் நினைவுக்கு வருதல் இயல்பு. இன்று நாமக்கல் மாவட்டத்தைச் சேர்ந்த இம்மலை முன்னர்ச் சேலம் ஜில்லாவில் இருந்தது. கடல் மட்டத்திற்குமேல் ஏறக்குறைய 4,000 அடி உயரமுடையது. மலையாளிகள் என்னும் மலைவாழ் மக்கள் பல நாடுகளாகப் பிரிந்து அங்கே வாழ்கின்றனர். இன்று எழுபது கொண்டையூசி வளைவுகளில் வண்டி ஏறுகிறது. சென்ற நூற்றாண்டின் தொடக்கத்திலோ கால்நடையாகவோ, ஆட்கள் தோளில் சுமக்கும் டோலியிலோதான் ஏறவேண்டும். மலைக்காய்ச்சலுக்கு அஞ்சிச் சமவெளியார் அங்கு இரவு தங்கவும் தயங்கினர்.

அத்தகைய மலைக்கு மணப்பெண்ணாக வந்தவரே எவ்லின் பிராண்டு அம்மையார். 1879-இல் லண்டன் மாநகரில் செல்வ வணிகர் ஒருவரின் மகளாய்ப் பிறந்தார். நல்லாடையிலும் ஓவியத்திலும் விருப்பமுடையவராய் வளர்ந்தார். முப்பது வயதைக் கடந்தபின் அச்சுகவாழ்வைத் துறந்து, கிறிஸ்துமதத் தொண்டின் பொருட்டுச் சென்னை வந்தார். 1913-இல் மலையடிவாரத்துச் சேந்தமங்கலத்தில் ஜெஸ்ஸி பிராண்டு என்பவரை மணந்து, அவருடன் மலைமேல் குடியேறினார். மணமகளுக்கு வயது 34; மணமகனோ அவரினும் இளையவர்.

தம் மதத்தைப் பரப்புதலே அவ்விருவரின் நோக்கம் என்பதை மறைக்க வேண்டுவதில்லை. மலையாளிகளோ தம் தெய்வங்களை எளிதில் விடுபவரல்லர். ஆண்டுகள் பல சென்றும் அவர்கள் மதத்தில் சேர்ந்தவர் மிகச் சிலரே. ஆயினும் சேர்ந்தவர், சேராதவர் என்று பாராமல் அவர்கள் செய்த தொண்டினை நாம் போற்றாதிருத்தல் இயலாது.

அக்காலத்தில் மலைமக்களை வருத்திய நோய்களுள் நரம்புச் சிலந்தி ஒன்று. படிக்கிணற்றில் இறங்கி நீர் முகப்போரின் காற்புண்ணிலிருந்து புழுவின் குஞ்சுகள் நீரில் கலக்கும். அந்நீரில் வாழும் நுண்பூச்சிகள் அவற்றை உட்கொள்ளும். அந்நீரைப் பருகுவோர் உடலில் அவை மூன்றடி நீளம்வரை வளர்ந்து தோலைத் துளைத்துப் புறப்படும். பிராண்டு தம்பதிகள் அப்புழுவைச் சிறு குச்சியில் சுற்றிச் சிறிது சிறிதாக வெளியே இழுத்தும், சீழ்க்கட்டிகளைக் கீறியும் வைத்தியம் செய்தனர். அதனோடு நில்லாமல், படிக்கிணற்றை விடுத்துச் சுற்றுச்சுவருள்ள கிணற்றில் நீர் இறைக்குமாறு ஊர்தோறும் எடுத்துரைத்தனர். இந்நோய் இந்தியாவிலிருந்து ஒழிந்ததாக 2000-ஆம் ஆண்டில் உலக சுகாதார நிறுவனம் சான்றளித்தது. அப்பெருவெற்றிக்குப் பல்லாண்டுகள் முன்னரே அதற்கான வழியை மலைமக்களுக்குக் காட்டியவர்கள் இவர்கள்.

1918-ஆம் ஆண்டை ஒட்டி உலகெங்கும் கோடிக்கணக்கானவரை மாய்த்த இன்புளுயன்சாக் காய்ச்சல் இம்மலையையும் விட்டுவைக்கவில்லை. உற்றாரும் அஞ்சி விலகினர். தம்பதிகள் கஞ்சி காய்ச்சிக் குடிசை குடிசையாய்ச் சுமந்து சென்று ஊட்டினர். அவர்களை நெடுநாள் எதிர்த்துவந்த பூசாரி ஒருவரும் அந்நோயில் வீழ்ந்தார். அவருடைய மரணப் படுக்கையை நாடி வந்தவர்கள் இவ்விருவரே. தம் குழந்தைகளை அவர் அவர்களிடமே ஒப்புவித்துக் கண்மூடினார். உறவென்பது யாது என்னும் வினாவுக்கு இந்நிகழ்ச்சியினும் தெளிந்த விடை வேண்டுமோ?

அம்மையார் வயிற்றில் 1914-இல் பால் என்னும் மகனும், பின்னர் ஒரு மகளும் பிறந்தனர். 1923-இல் அவ்விரு குழந்தைகளையும் கல்வியின் பொருட்டு இங்கிலாந்தில் உறவினரிடம் விட்டுவிட்டுக் கணவருடன் மலைக்கே மீண்டார். அத்தாயின் உள்ளம் பட்ட பாடு தாய்மார்களுக்கே தெரியும். 1929-இல், மலேரியா முற்றியதால் வரும் கருநீர்க் காய்ச்சலால் கணவர் 44-ஆம் வயதில் மலையிலேயே உயிர்நீத்தார். மகனைத் தந்தை மறுமுறை காணவே இல்லை.

அப்போது அம்மையாருக்கு வயது ஐம்பது. தாய்நாடு சென்று மக்களுடன் இளைப்பாறியிருக்கலாம். யாரும் குறை கூறியிரார். கொல்லிமலையோடு பச்சைமலை, கல்வராயன்மலை முதலியன சேர்ந்த ஐந்து மலைகளுக்கும் தொண்டு செய்வதென்று கணவரும் தாமும் கொண்டிருந்த உறுதி அவரை விடவில்லை. சிறிதுகாலம் சீமை சென்றவர் மீண்டும் வந்தார்.

1947-இல் வயது அறுபத்தெட்டு ஆயிற்று. முதுமை கருதி, மீண்டும் ஐந்தாண்டுப் பணியளிக்க மிஷன் சபையார் மறுத்தனர். இன்னும் ஓராண்டு மட்டும் இருக்க அம்மையார் அனுமதி வேண்டினார். ஆண்டு முடிந்ததும் சபையிலிருந்து விலகி, தம் சொந்த முயற்சியில் மலைமேல் சிறு குடில் அமைத்துத் தங்கிவிட்டார்! ஓய்வு பெறவேண்டிய வயதில் தொடங்கிய அப்பணி இருபத்தைந்து ஆண்டுகளுக்கும் மேல் நடந்தது.

இடுப்பெலும்பு முறிந்தது, கால்கள் வலிவிழந்தன, இரு மூங்கிற் கோல்களை ஊன்றியன்றி நடக்க இயலாதாயிற்று. அப்போதும் மருந்துப் பெட்டியைப் பின்னே கட்டிக் குதிரைமீதேறி மலையூர்களுக்குச் சென்றார். கைவிடப்பட்ட குழந்தைகளை எடுத்து வளர்த்தார். இளமையில் நல்லாடை விரும்பிய அவர், இறுதி இருபது ஆண்டுகள் தம் இல்லத்தில் ஒரு கண்ணாடியும் வைத்தாரில்லை. தம் முகத்தைப் பார்த்துக்கொள்ள அவருக்கு நேரமுமில்லை, நாட்டமுமில்லை போலும்.

தாயின் வழியை மகனும் பின்பற்றினார். பால் பிராண்டு சிறுவராயிருந்தபோது தொழுநோயாளர் மூவர் மலைவீட்டிற்கு வந்தனர். தந்தை கையுறை அணிந்தே மருந்திட்டார். அவர்கள் விட்டுச்சென்ற கூடையைத் தாய் எரித்தார். அந்நோயைப்பற்றி அன்றிருந்த அச்சம் அத்தகையது. அச்சிறுவரே சத்திர வைத்தியராகி 1946-இல் வேலூர்க் கிறிஸ்தவ மருத்துவக் கல்லூரிக்கு வந்து, தொழுநோயாளரின் மடங்கிய விரல்களுக்குத் தசைநாண் மாற்றிப் பொருத்தி உழைக்கும் கைகளாக்கினார். விரல்கள் தாமே அழுகி உதிர்வதில்லை, வலியறியும் உணர்ச்சி அற்றமையால் காயம் பட்டே அழிகின்றன என்பதை உலகிற்கு விளக்கினார். மகன் இத்துணைப் புகழ் பெற்ற காலத்திலும், அன்னை மலைக்குடிலை விட்டு இறங்கி மகன் வீட்டுச் சுகத்தை நாடவில்லை.

1974-ஆம் ஆண்டு டிசம்பரில், 95-ஆம் வயதில் அம்மையார் காலமானார். கொல்லிமலையில் நாற்பத்தைந்து ஆண்டுகளாய்த் தனித்துக் கிடந்த கணவர் கல்லறையின் அருகிலேயே அவர் உடலும் அடக்கம் செய்யப்பட்டது.

சங்கத்து அன்பர்களே! இச்சரிதத்தால் நாம் கொள்ளவேண்டுவது யாது? ஒவ்வொரு குடும்பத்திலும் ஒரு பாட்டியார் உளர். கைம்பெண்ணாய் நின்று நிலத்தைக் காத்தவர், பஞ்சத்தில் பிள்ளைகளைப் பிழைப்பித்தவர், மருத்துவம் பார்த்தவர் எனப் பலர் நம் வீடுகளில் பெயரின்றி மறைந்தனர். இன்று இருப்போரையேனும் மூலையில் அமர்த்தாமல், அவர்தம் அறிவையும் துணிவையும் பயன்கொள்வோம். அவர்கள் மேற்கொள்ள விரும்பும் பணிக்கு, "இந்த வயதில் உங்களுக்கு ஏன் இது?" என்று தடை சொல்லாதிருப்போம். அவர்கள் கண்டதையும் செய்ததையும் கேட்டெழுதி வைப்போம். குலத்தின் பெருமை அதிலும் உண்டு.