வன்னி நிலமும் ஆள்கூற்றுத் தளமும்: தூரம், நடுப்புள்ளி பற்றிய ஒரு வரலாற்று நோக்கு

வவுனியாவுக்கும் கிளிநொச்சிக்கும் சரி நடு எது? ஏ9 வீதியால் போய்வருபவர்கள் மாங்குளச் சந்தியைச் சொல்லக்கூடும். ஆள்கூறுகளைக் கொண்டு கணித்தால் நடுப்புள்ளி மாங்குளத்துக்குத் தெற்கே ஏறக்குறைய ஆறேழு கிலோமீட்டரில் விழுகிறது. உயர்தர இணைந்த கணிதத்தில் தூர, நடுப்புள்ளிச் சூத்திரங்களைப் படிக்கும் வன்னி மாணவருக்கு, அவை தம் காலடி மண்ணை அளந்த கருவி என்பது தெரியவேண்டும். அந்த வரலாறே இக்கட்டுரையின் பொருள்.

ஆள்கூற்றுத் தளத்தை இலங்கைப் பாடநூல்கள் தெக்காட்டின் தளம் என்கின்றன. தமிழ்நாட்டில் கார்ட்டீசியன் தளம். ஆனால் பிரெஞ்சுக் கணிதவியலாளர் தெக்காட்டு 1637இல் வெளியிட்ட வடிவகணித நூலில் தூரச் சூத்திரத்தைத் தேடினால் கிடைக்காது. பைதகரசின் தேற்றம் பழையது. இரு புள்ளிகளின் ஆள்கூறுகளைக் கழித்து, வர்க்கித்து, கூட்டி, வர்க்கமூலம் காணும் சூத்திரம் அச்சேறியது பிரெஞ்சுக் கணிதவியலாளர் கிளேரோவின் 1731ஆம் ஆண்டு நூலில். ஏறக்குறைய ஒரு நூற்றாண்டு இடைவெளி சிறியதல்ல.

இலங்கையில் நில அளவைத் திணைக்களம் 1800 ஓகஸ்ட் 2இல் தொடங்கியது. அக்காலக் கருவி 66 அடி நீளமான, 100 கண்ணிகள் கொண்ட சங்கிலி. வெட்டவெளியில் அதை இழுக்கலாம். வன்னிக் காட்டில் ஒவ்வொரு கோட்டுக்கும் மரம் தறித்துப் பாதை திறக்கவேண்டும். இங்கேதான் முக்கோணமுறை அளவை கைகொடுத்தது. நீர்கொழும்பிலும் மட்டக்களப்பிலும் அடிக்கோடுகளை நேரடியாக அளந்து, மற்றத் தூரங்களைக் கோணங்களிலிருந்து கணித்தார்கள். காட்டின் மேலாகப் பார்வை செல்ல, எண்கள் நிலத்தில் இறங்கின.

அந்த எண்களுக்கு ஒரு தொடக்கம் வேண்டும். நாட்டின் மிக உயர்ந்த மலையான பீதுருதலாகல அதற்குத் தெரிவானது. ஆனால் மலையையே (0, 0) என்று வைத்தால் அதன் மேற்கிலும் தெற்கிலும் எண்கள் மறைக்குறியாகும். ஆகவே மலைக்கு முதலில் 176,000 யார், அதாவது சரியாக 100 மைல், இரு திசையிலும் தரப்பட்டது. பின்னர் வந்த மீற்றர் ஆள்கூற்று வலையில் அது (200,000, 200,000) ஆனது. பூச்சியம் தென்மேற்குக் கடலுக்குள் போய்விட்டது.

மீற்றர் வலையில் வவுனியா நகரம் ஏறக்குறைய (170, 394) கிலோமீட்டர். கிளிநொச்சி (159, 465). வேறுபாடுகள் 11, 71. வர்க்கங்களின் கூட்டுத்தொகை 121 + 5041 = 5162; வர்க்கமூலம் ஏறக்குறைய 72 கிலோமீட்டர். நடுப்புள்ளி (164.5, 429.5). வீதித் தூரம் வளைவுகளால் இதைவிட நீளும் என்பது பயணம் செய்தவர் அறிந்ததே. பூமி உருண்டை அல்லவா என்று கேட்கலாம். வலையின் மைய நெட்டாங்கு பீதுருதலாகலவின் வழியே செல்வதாலும் வன்னி அதற்கு அருகில் கிடப்பதாலும், இத்தூரத்தில் பிழை சில மீட்டர்தான். முல்லைத்தீவு அக்கோட்டிலிருந்து சுமார் ஐந்து கிலோமீட்டரே கிழக்கில் இருக்கிறது.

1999இன் புதிய அளவை ஆதாரத்தில் மலையின் ஆள்கூறு (500,000, 500,000) ஆக்கப்பட்டது. எல்லா எண்ணோடும் 300,000 கூடியது. தூரம் காணக் கழிக்கும்போது அந்தக் கூடுதல் அடிபட்டுப்போகும். ஆகவே தூரம் மாறவில்லை. நடுப்புள்ளிக்கு எண்களைக் கூட்டிப் பாதியாக்குகிறோம். எனவே அதன் எண்ணும் 300,000 நகர்கிறது. (இரண்டு ஆதாரங்களுக்கும் இடையிலான வேறுபாட்டால் வரும் சிறு மாற்றம் தனி.) நிலத்தில் இருக்கும் இடமோ அதேதான். சூத்திரங்களை வெறுமனே மனனம் செய்பவருக்கு இந்த வேறுபாடு தென்படாது. இதை வகுப்பில் காட்டினால் போதும், பாடம் நிலைக்கும்.

இதே அளவைதான் வன்னிக் காணிகளின் எல்லைகளையும் வரைந்தது. 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின் கீழ் குடியேற்றத்துக்குக் கொடுக்கப்பட்ட துண்டுகள் அளவைப் படத்தில் எண்ணிடப்பட்டவை; மூலைகளில் கல் நாட்டப்பட்டது. உள்நாட்டுப் போர் அந்த அடையாளங்களைப் பெரிதும் கலைத்தது. போர் முடிந்த 2009க்குப் பின் திரும்பியவர்களில் பலருக்கு வேலியும் இல்லை, எல்லை மரமும் இல்லை. அப்போது பழைய படத்தின் அளவுகளே சாட்சி.

கண்ணிவெடி அகற்றலிலும் இதே கணிதம் நடக்கிறது. ஆபத்துப் பகுதியின் ஒவ்வொரு திருப்பத்துக்கும் ஒரு புள்ளி. அடுத்த புள்ளிக்கு இத்தனை பாகை, இத்தனை மீட்டர் என்று ஏட்டில் பதிவு. அந்தத் தூரத்தில் ஒரு மீட்டர் பிழைத்தால், சுத்தமான நிலம் என்று எழுதப்பட்ட வரப்பில் நாளை ஒருவர் மண்வெட்டியோடு நிற்பார்.