1977: வாய் திறக்காத வாக்காளர்

தேர்தல் வரலாறு என்றாலே யார் ஜெயித்தார்கள், எத்தனை சீட் என்பதோடு பேச்சு முடிந்துவிடும். ஓட்டுப் போட்டவரின் மனதில் முதல் நாள் என்ன இருந்தது, முடிவு வந்த மறுநாள் என்ன இருந்தது என்பது எந்தப் பட்டியலிலும் இருக்காது. அதை ஓரளவுக்காவது தெரிந்துகொள்ள உதவும் தேர்தல் ஒன்று உண்டு. 1977 மார்ச்சில் நடந்த ஆறாவது மக்களவைத் தேர்தல்தான் அது.

தேர்தலுக்கு முன்: பயம்

1975 ஜூன் 12 அன்று, ரேபரேலியில் இந்திரா காந்தி பெற்ற வெற்றி செல்லாது என்று அலகாபாத் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. ஜூன் 25 இரவு நாட்டில் நெருக்கடி நிலை அறிவிக்கப்பட்டது. எதிர்க்கட்சித் தலைவர்கள் இரவோடு இரவாகக் கைதானார்கள். பத்திரிகைகளுக்குத் தணிக்கை வந்தது. அடுத்த 21 மாதங்களில் ஒரு லட்சத்துக்கும் மேற்பட்டவர்கள் சிறைக்குப் போனார்கள். 1976-ல் நடந்திருக்க வேண்டிய மக்களவைத் தேர்தலும் தள்ளிப்போடப்பட்டது.

ஆனால் வட இந்தியக் கிராமத்து மனிதருக்குத் தணிக்கையோ கைதுகளோ முதல் கவலை இல்லை. அவரைத் தூங்கவிடாமல் செய்தது கட்டாயக் கருத்தடை. 1975-76-ல் நாடு முழுவதும் சுமார் 26 லட்சம் கருத்தடை அறுவை சிகிச்சைகள் நடந்தன. 1976-77-ல் அது 80 லட்சத்தைத் தாண்டியது! அரசு ஊழியர்களுக்கும் பள்ளி ஆசிரியர்களுக்கும்கூட 'இத்தனை பேரைக் கொண்டுவா' என்று கணக்குக் கொடுக்கப்பட்டது. கணக்கு முடிக்காதவர்களின் சம்பளம் நின்றது. உத்தரப்பிரதேசத்தின் முசாஃபர்நகரில் 1976 அக்டோபரில் எதிர்ப்புத் தெரிவித்தவர்கள் மீது துப்பாக்கிச் சூடு நடந்தது. தில்லி துர்க்மான் கேட்டில் 1976 ஏப்ரலிலேயே வீடுகள் இடிக்கப்பட்டு, எதிர்த்தவர்கள் சுடப்பட்டிருந்தார்கள். இதெல்லாம் பத்திரிகையில் வரவில்லை. வாய்வழியாக ஊர் ஊராகப் பரவியது. வாய்வழியாக வரும் செய்திக்குப் பயமுறுத்தும் பலம் அதிகம் அல்லவா?

இப்படிப்பட்ட நிலையில்தான், 1977 ஜனவரி 18 அன்று தேர்தல் அறிவிப்பு வந்தது.

நம்பலாமா வேண்டாமா?

அறிவிப்பைக் கேட்ட வாக்காளருக்கு முதலில் வந்தது மகிழ்ச்சி இல்லை, சந்தேகம். இது நிஜத் தேர்தல்தானா? ஓட்டை எதிராகப் போட்டால் கண்டுபிடித்துவிடுவார்களா? நெருக்கடி நிலை தளர்த்தப்பட்டதே தவிர நீக்கப்படவில்லை. மிசா சட்டமும் அப்படியே இருந்தது. அதனால் யாரும் வாய் திறக்கவில்லை. டீக்கடையில் கேட்டாலும் 'பார்ப்போம்' என்ற பதில்தான். எதிர்ப்பு எவ்வளவு ஆழமாகப் போயிருந்தது என்பது ஆளும் தரப்புக்கே தெரியவில்லை. பயமுறுத்தி வாயை மூட வைத்தவர்களுக்கு, மூடிய வாய்க்குள் என்ன இருக்கிறது என்று தெரியாமல் போனதில் ஆச்சரியம் இல்லை!

பிப்ரவரி 2 அன்று மூத்த அமைச்சர் ஜெகஜீவன் ராம் பதவி விலகி காங்கிரசை விட்டு வெளியேறினார். பயம் விலகத் தொடங்கியது அங்கேதான். பிப்ரவரி 6 அன்று தில்லி ராம்லீலா மைதானத்தில் அவரும் ஜெயப்பிரகாஷ் நாராயணும் பேசுவதாக இருந்தது. கூட்டத்தைக் குறைப்பதற்காக அன்று மாலை தூர்தர்ஷனில் 'பாபி' என்ற வெற்றிப்படம் போடப்பட்டது என்று சொல்வார்கள். மக்கள் டிவியை விட்டுவிட்டு மைதானத்துக்குப் போனார்கள். 'பாபுஜி'யிடம் 'பாபி' தோற்றுப்போனது.

தேர்தலுக்குப் பின்: நிம்மதி

மார்ச் 16 முதல் 20 வரை வாக்குப்பதிவு. அப்போது ஓட்டுரிமை வயது 21. சுமார் 32 கோடி வாக்காளர்களில் 60 சதவீதம் பேர் வாக்களித்தார்கள். 1971-ல் இது 55 சதவீதம். மறைப்புக்குள் தனியாக நின்று முத்திரை குத்தும் அந்தச் சில நொடிகளில்தான், பலரும் 21 மாதங்களாகச் சொல்லாததைச் சொன்னார்கள்.

முடிவு வந்தபோது நாடே திகைத்தது. ஜனதா கட்சிக்கு 295, காங்கிரசுக்கு 154. உத்தரப்பிரதேசத்தின் 85 தொகுதிகளிலும் பீகாரின் 54 தொகுதிகளிலும் காங்கிரசுக்கு ஒன்றுகூட இல்லை. ரேபரேலியில் ராஜ் நாராயணிடம் இந்திரா காந்தி 55 ஆயிரத்துச் சொச்சம் வாக்குகளில் தோற்றார். அமேதியில் சஞ்சய் காந்தியும் தோற்றார். மார்ச் 21 அன்று நெருக்கடி நிலை நீக்கப்பட்டது. 24 அன்று மொரார்ஜி தேசாய் பிரதமரானார். வட இந்திய நகரங்களில் மக்கள் தெருவில் இறங்கி இனிப்பு வழங்கினார்கள். ஒரு கட்சி ஜெயித்த சந்தோஷத்தைவிட, இனி பயமில்லாமல் பேசலாம் என்ற நிம்மதிதான் அதில் அதிகம்.

தெற்கில் வேறு கதை

எல்லா வாக்காளரும் ஒரே மாதிரி உணர்ந்தார்களா என்றால் இல்லை. ஆந்திராவில் 42-ல் 41 இடங்களும் கர்நாடகாவில் 28-ல் 26 இடங்களும் காங்கிரசுக்கே கிடைத்தன. தமிழ்நாட்டில் அ.தி.மு.க. - காங்கிரஸ் - இந்தியக் கம்யூனிஸ்ட் கூட்டணி 39-ல் 34 இடங்களைப் பிடித்தது. 1976 ஜனவரி 31 அன்று தி.மு.க. ஆட்சி கலைக்கப்பட்டதும், அக்கட்சியினர் மிசாவில் சிறைப்பட்டதும் இங்கேயும் நடந்தவைதான். ஆனால் வடக்கைப் போல வீடு வீடாக வந்த கருத்தடைக் கொடுமை இங்கே அந்த அளவுக்கு இல்லை. எம்.ஜி.ஆரின் செல்வாக்கும் சேர்ந்துகொண்டது. தன் வீட்டு வாசலுக்கு வந்த துன்பமே வாக்காளர் மனதை அதிகம் மாற்றுகிறது என்பதற்கு இந்த வித்தியாசமே சாட்சி.

அப்புறம்?

அந்த நிம்மதியும் நீண்டநாள் நிலைக்கவில்லை. தணிக்கை போனது. 1978-ன் 44-வது திருத்தம், நெருக்கடி நிலையை எளிதில் அறிவிக்க முடியாதபடி செய்தது. இவை பெரிய சாதனைகள். ஆனால் ஜனதா தலைவர்கள் தங்களுக்குள் சண்டை போட்டு 1979 ஜூலையில் ஆட்சியை இழந்தார்கள். விலைவாசியும் ஏறியது. 1980 ஜனவரியில் அதே வாக்காளர்கள் இந்திரா காங்கிரசுக்கு 353 இடங்களைக் கொடுத்தார்கள். வாக்குப்பதிவு 57 சதவீதமாகக் குறைந்தது. ஏமாற்றத்துக்கும் ஓட்டுக்கணக்கில் இடம் உண்டு போலும்!

மூன்றே ஆண்டுகளில் மக்கள் மறந்துவிட்டார்கள் என்று அப்போது பலர் குறைபட்டுக்கொண்டார்கள். அது முழு உண்மை ஆகாது. 1977-ல் வாக்காளர் யாரையும் நிரந்தரமாகத் தேர்ந்தெடுக்கவில்லை, நிரந்தரமாக ஒதுக்கவும் இல்லை. ஆட்சியில் இருப்பவரைத் தன்னால் இறக்க முடியும் என்று தெரிந்துகொண்டார். அந்தத் தைரியத்தை 1980-லும் பயன்படுத்தினார், அவ்வளவுதான். தேர்தலுக்கு முன் இருந்த பயமும் பின் வந்த நிம்மதியும் போய்விட்டன. இந்தத் தைரியம் மட்டும் போகவில்லை.