அபர்நெதி விகாரம்

குடலில் திரண்ட இரத்தத்தைக் கல்லீரலுக்கு எடுத்துச் செல்லவேண்டிய போர்ட்டல் சிரை, பிறவியிலேயே தன் வழியினின்று விலகிக் கீழ்ப் பெருஞ்சிரையில் கலந்துவிடும் அபூர்வ நிலைக்கு, 1793-இல் ஒரு சிசுவின் சடலத்தில் அதனைக் கண்டு விவரித்த லண்டன் ரண சிகிச்சை நிபுணர் ஜான் அபர்நெதியின் பெயர் வழங்குகிறது. கல்லீரலில் சுத்தியடையாத அம்மோனியா முதலிய விஷப் பொருள்கள் மூளையை எட்டுவதால், நோயாளி சில வேளை காலமும் இடமும் மறந்து பிதற்றுவதும், கை நடுங்குவதும், பின்னர் தெளிந்து சகஜ நிலைக்குத் திரும்புவதும் மாறி மாறி நிகழும். புரதம் மிகுந்த போஜனமும் மலச்சிக்கலும் இதனைத் தூண்டும். ருஷ்யாவில் உடலியல் அறிஞர் பாவ்லோவின் குழுவினர், போர்ட்டல் சிரையும் கீழ்ப் பெருஞ்சிரையும் இணைக்கப்பட்ட நாய்கள் மாமிசம் உண்டபின் மதிமயங்கித் தடுமாறுவதை 1893-இலேயே எழுதிவைத்தனர்.

கல்லீரல் பரிசோதனைகள் பல சமயம் ஏறக்குறைய இயல்பாகவே இருப்பதால், இத்தகையோர் சித்தப்பிரமை கொண்டவராகவோ முதுமை மறதியுற்றவராகவோ ஆண்டுக்கணக்கில் கருதப்படுவது பெரிதும் வருந்தத்தக்கது. ஏனெனில், காரணம் புலப்படாத குழப்பம் மீண்டும் மீண்டும் வருவோருக்கு இரத்த அம்மோனியாவை அளந்து, டாப்ளர் ஸ்கேனும் எடுத்துப் பார்த்தால் உண்மை பெரும்பாலும் வெளிப்பட்டுவிடும். கல்லீரலினுள் போர்ட்டல் கிளைகள் எஞ்சியிருப்பின் போர்ட்டல் சிரை கீழ்ப் பெருஞ்சிரையில் கலக்கும் குறுக்கு வழியை அடைத்துவிடலாம். அவை அறவே இல்லாதவிடத்துக் கல்லீரல் மாற்றுச் சிகிச்சை தேவைப்படலாம்.