பொன்னாவை யார் கேட்டார்கள்?

மாதொருபாகன் 2010இல் வந்தது. 2014 டிசம்பரில் திருச்செங்கோட்டில் அதை எரித்தார்கள். 2015 ஜனவரியில் நாமக்கல் பேச்சுவார்த்தையில் பெருமாள்முருகனை மன்னிப்புக் கேட்க வைத்தார்கள். 2016 ஜூலை 5 அன்று சென்னை உயர்நீதிமன்றம் எழுத்தாளர் பக்கம் நின்றது. ஒரு தரப்பு ஊர் மானம் பேசியது, மறுதரப்பு கருத்துரிமை பேசியது. பொன்னாவை இருவருமே மறந்தார்கள்.

நாவலுக்குள்ளும் அவளுக்கு நேர்ந்தது அதுதான். ‘வறடி’ என்ற ஏச்சைக் கேட்டுச் சலித்தவள், பிள்ளை வரம் வேண்டித் தேர்த்திருவிழாவின் பதினான்காம் நாளுக்குப் போகிறாள். காளி சம்மதித்துவிட்டான் என்று பொய் சொல்லித்தான் அவளை அனுப்புகிறார்கள். அவன்மேல் இருந்த பிரியத்தால் போனாள். அவனுக்கோ அது துரோகம்.

அதன் பிறகான கதையைப் பெருமாள்முருகன் இரண்டு விதமாக எழுதினார். அர்த்தநாரியில் காளி பிழைத்து, பேசாமல் இருந்தே அவளைத் தண்டிக்கிறான். ஆலவாயனில் அவன் இறந்துவிடுகிறான். எனக்கு முக்கியமானது ஆலவாயன்தான். உயிரை மாய்த்துக்கொள்வாளோ என்று பொன்னாவுக்கு இராப்பகலாகக் காவலிருப்பவர்கள் மாமியார் சீராயியும் அம்மா வல்லாயியும். சீராயி இளவயதில் தாலியறுத்து, ஒற்றை மகனைத் தனியாக வளர்த்தவள். பண்ணயமும் தெரியும், துக்கமும் தெரியும். ஆனால் பொன்னாவைத் திருவிழாவுக்கு அனுப்பத் திட்டம் போட்டவர்களும் இதே இரண்டு தாய்கள்தாமே! காயப்படுத்திய கைகளே கஞ்சி ஊட்டுகின்றன. இதை மன்னிப்பு என்று எழுத எனக்கு மனம் வரவில்லை. அவள் மன்னித்தாளோ இல்லையோ, அவர்களோடுதான் மறுபடி காட்டில் இறங்கி வேலை செய்தாக வேண்டும்.