கல்லில் பெயர், மன்றத்தில் வழக்கு
தேவதாசி முறை ஒழிப்பு விவாதம் (1927 – 1947)

தோற்றுவாய்

நம் வட்டம் பத்தாண்டுகளை நிறைவு செய்யும் இவ்வேளையில், மலருக்குக் கட்டுரை கேட்ட நண்பர்களிடம் சங்க இலக்கியம் பற்றி எழுதுவதாகவே முதலில் சொல்லியிருந்தேன். பின்னர் மனம் மாறியதற்கு நம் திங்கள் கூட்டங்களுள் ஒன்றில் நிகழ்ந்ததே காரணம். அன்று அரங்கேறிய கவிதை ஒன்றில், விலைபோன எழுதுகோலுக்குத் 'தாசி' உவமையாக வந்தது. அரங்கம் கைதட்டியது, நானும் தட்டினேன். கூட்டம் கலைந்தபின் முதிய அம்மையார் ஒருவர் என்னருகில் வந்து, "நீங்களுமா அம்மா கைதட்டினீர்கள்? என் பாட்டி கோயிலில் பதிகம் பாடியவர்" என்று மட்டும் சொல்லிச் சென்றார். அவருக்கு அன்று சொல்ல இயலாத மறுமொழியை எழுதிப் பார்க்கும் முயற்சியே இக்கட்டுரை.

ஒரு சொல்லின் வீழ்ச்சி

தஞ்சைப் பெரிய கோயிலின் புறச்சுவரில், முதலாம் இராசராசன் காலத்துக் கல்வெட்டு ஒன்று 'தளிச்சேரிப் பெண்டுகள்' நானூற்றுவரைப் பட்டியலிடுகிறது. எந்தச் சிறகில் எத்தனையாவது வீடு, எவ்வூர்த் தளியிலிருந்து வந்தவர், பெயர் யாது என்பன ஒவ்வொருவருக்கும் தனித்தனியே பொறிக்கப்பட்டுள்ளன. பங்கு ஒன்றுக்கு ஆண்டுதோறும் 100 கலம் நெல் வரையறுக்கப்பட்டது. 'எடுத்தபாதம்' என்றும் அவர்களுள் ஒருத்திக்குப் பெயர். ஆடவல்லானின் தூக்கிய திருவடியைத் தன் பெயராகச் சுமந்த பெண் அவள். பிற சோழர் காலக் கல்வெட்டுகளிலும் தேவரடியார், பதியிலார் எனக் குறிக்கப்படும் பெண்கள் கோயிலுக்குப் பொன்னும் நிலமும் விளக்கும் அளித்தவர்களாகக் காணப்படுகின்றனர்.

அதே 'தேவரடியார்' என்னும் சொல்தான் பிற்காலத்தில் சிதைந்து, தெருச்சண்டையில் தாயைப் பழிக்கும் வசையாயிற்று. 'அடியார்' என்பது ஆண்மேல் நின்றபோது திருத்தொண்டர் புராணத்துக்குரிய பெருமையாகவும், பெண்மேல் நின்றபோது இழிவாகவும் ஆன விந்தையைச் சொல்லாராய்ச்சியாளர் மட்டுமன்றிக் கவிஞரும் எண்ணிப் பார்க்க வேண்டும்.

ஆயினும் கல்வெட்டுக் காலத்தைப் பொற்காலமெனப் போற்றிவிட்டு, இடையில் நேர்ந்ததை மறைப்பது நேர்மையாகாது. அரசுகள் வீழ்ந்தன, கோயில்களின் வளம் சுருங்கியது, புரவலர்களாகக் குறுநில மன்னரும் நிலக்கிழாரும் நகரத்துச் செல்வரும் வந்தனர். பொட்டுக் கட்டும் சடங்கு, விவரம் அறியாச் சிறுமியரை அவர் இசைவின்றியே ஒரு வாழ்க்கையில் பிணைத்தது. சொத்துரிமையும் எழுத்தறிவும் உடையவராய் வாழ்ந்த பெண்கள் அச்சமூகத்தில் இருந்தனர் என்பது உண்மை. விலைபேசப்பட்ட குழந்தைகள் இருந்தனர் என்பதும் உண்மை. பின்னெழுந்த விவாதத்தில் ஒவ்வொரு தரப்பும் இவ்விரு உண்மைகளுள் ஒன்றை மட்டுமே கையில் ஏந்தி நின்றது.

மன்றத்தில்

1893இல் சென்னை இந்து சமூகச் சீர்திருத்தச் சங்கத்தார், தாசியர் ஆடும் விருந்துகளில் கலந்துகொள்ள வேண்டாமென அரசப் பிரதிநிதிக்கும் ஆளுநருக்கும் விண்ணப்பம் அனுப்பினர். இருவரும் அதனை ஏற்கவில்லை. ஆட்சியாளர் அசையாவிடினும் கருத்துலகம் அசையத் தொடங்கியது. மைசூர் அரசு 1909இல் தன் கோயில்களில் இம்முறையை நிறுத்தியது.

சென்னை மாகாணத்தில் இவ்வழக்கைச் சட்டமன்றத்துக்குக் கொண்டுவந்தவர் டாக்டர் முத்துலட்சுமி ரெட்டி. புதுக்கோட்டையில் 1886இல் பிறந்தவர்; தந்தை நாராயணசாமி ஐயர் கல்லூரி முதல்வர்; தாய் சந்திரம்மாள் இசை மரபில் வந்தவர். 1912இல் சென்னை மருத்துவக் கல்லூரியில் பட்டம் பெற்று, 1926இல் சட்டமன்ற மேலவைக்கு நியமிக்கப்பட்டு, அதன் துணைத் தலைவராகவும் ஆனார். 1927 நவம்பரில் அவர் கொணர்ந்த தீர்மானம், சிறுமியரைக் கோயிலுக்குப் பொட்டுக் கட்டும் வழக்கத்தைத் தடுக்கச் சட்டம் வேண்டுமென அரசைக் கேட்டது. மருத்துவர் என்ற முறையில் நோயையும், தாயின் மகள் என்ற முறையில் நோவையும் அறிந்தவர் அவர்.

எதிர்த்தவர்களுள் முதன்மையாகச் சொல்லப்படுபவர் சத்தியமூர்த்தி. சமய வழக்கங்களில் சட்டமன்றம் கைவைக்கலாகாது என்பதும், கலை அழிந்துபோகும் என்பதும் அத்தரப்பின் வாதங்கள். இவ்விவாதம் பற்றி மேடைகளில் ஒரு கதை வழங்குகிறது: "இத்தொண்டு அத்துணைப் புனிதமானதாயின் உங்கள் வீட்டுப் பெண்களை அனுப்புங்கள்" என்று அவருக்குச் சூடாக விடையிறுக்கப்பட்டதாம். சொல்வோர் மாறுந்தோறும் அவ்விடையின் சொற்களும் மாறுகின்றன, விடையளித்தவர்கூட மாறிவிடுகிறார். அதனை வரலாறாகக் கொள்ள நான் தயங்குகிறேன். மேலும், அக்கதையின் சுவையில், ஒரே வீச்சில் வழக்கு முடிந்துவிட்டது போன்ற மயக்கம் பிறக்கிறது. உண்மையில் இருபதாண்டுகள் ஆயின.

1929இல் நிறைவேறிய திருத்தச் சட்டம், இச்சிக்கலின் பொருளியல் வேரைத் தொட்டது. கோயில் ஊழியத்துக்கு ஈடாகப் பெண்கள் அனுபவித்த மானிய நிலங்களை அவ்வூழியக் கடப்பாட்டினின்று அது விடுவித்தது. நிலத்தை இழக்க அஞ்சியே மகளுக்குப் பொட்டுக் கட்டிய தாய்மார் பலர். அவ்வச்சத்தை நீக்காமல் அறம் பேசுவதால் பயனில்லை என்பதை முத்துலட்சுமி உணர்ந்திருந்தார். பொட்டுக் கட்டுதலையே தடைசெய்யும் முன்வரைவை 1930இல் கொணர்ந்தார். அது பொதுமக்கள் கருத்தறியச் சுற்றுக்கு விடப்பட்டது. 'குடி அரசு' அதனை ஆதரித்து எழுதியது. அவ்வாண்டிலேயே காந்தியடிகள் கைதானதைக் கண்டித்து முத்துலட்சுமி பதவி விலகவே, முன்வரைவு கிடப்பில் விழுந்தது.

பெண்களின் குரல் ஒன்றா?

இவ்விவாதத்தில் தேவதாசியர் வாய்மூடி இருந்தனர் என்று பலரும் எழுதுகின்றனர். அது தவறு. 1927இன் இறுதியில் சென்னை மாகாணத் தேவதாசியர் அரசுக்கு விண்ணப்பம் அளித்தனர். தேவதாசி என்னும் சொல்லைப் பரத்தை என்னும் சொல்லோடு ஒன்றாக்குவதை அவ்விண்ணப்பம் மறுத்தது. தண்டனைக்கு மாற்றாகத் தங்களுக்குச் சமயக் கல்வியும் இலக்கியக் கல்வியும் வேண்டுமெனக் கேட்டது. அக்கல்வி வாய்த்தால் தங்கள் மக்கள் கார்கியாகவும் மைத்திரேயியாகவும் மணிமேகலையாகவும் ஆவர் என்றது.

தமிழ் கற்பிக்கும் நான் மணிமேகலை என்னும் அப்பெயரில் நெடுநேரம் நின்றுவிட்டேன். கணிகையர் குலத்தில் மாதவி மகளாய்ப் பிறந்து, அக்குலத்தொழிலைத் துறந்து, அமுதசுரபி ஏந்தியவள் மணிமேகலை. ஒழிப்பை எதிர்த்தோர் தம் முன்மாதிரியாக எடுத்துக்கொண்டது அத்தொழிலை விட்டு வெளியேறியவளையே! அவர்கள் வேண்டியது தொழிலின் நிலைபேறு மட்டுமன்று, மதிப்பு என்பதற்கு இதனினும் சான்று வேண்டுமோ?

எதிர்த்தோருள் பெங்களூர் நாகரத்தினம்மாளும் ஒருவர். திருவையாற்றில் தியாகராசருக்குச் சமாதிக் கோயில் எழுப்பியவர். 18ஆம் நூற்றாண்டில் தஞ்சை அரசவையில் முத்துப்பழனி என்னும் பெண் தெலுங்கில் பாடிய 'ராதிகா சாந்துவனம்' நூலை 1910இல் பதிப்பித்தவரும் அவரே. பெண்ணொருத்தி காமம் பாடியது நாணமற்ற செயலெனக் கந்துகூரி வீரேசலிங்கம் முன்னரே பழித்திருந்தார். கைம்பெண் மறுமணத்துக்குப் போராடிய அதே வீரேசலிங்கம்தான். அரசு நூலைத் தடைசெய்தது. தடை நீங்க 1947 ஆயிற்று. சீர்திருத்தம் பெண்ணின் விலங்கை உடைத்த கையாலேயே அவளது ஏட்டையும் மூடிய கதையிது.

மறுபக்கத்தில் நிற்பவர் மூவலூர் இராமாமிர்தம் அம்மையார் (1883–1962). அம்முறைக்குள் வளர்ந்து, அதனை உதறித் தம் இசை ஆசிரியரை மணந்து, ஊர் ஊராகச் சென்று பொட்டறுப்புப் பரப்புரை செய்தவர். 1936இல் அவர் எழுதிய 'தாசிகள் மோசவலை அல்லது மதிபெற்ற மைனர்' நாவல், உள்ளிருந்து எழுந்த குற்றச்சாட்டு. நாகரத்தினம்மாள் இழக்க அஞ்சியதை இராமாமிர்தம் அம்மையார் தளையென்று கண்டார். இருவரும் தம் வாழ்வையே சான்றாக வைத்துப் பேசினர். ஆகவே 'தேவதாசியரின் குரல்' என ஒருமையில் எழுதுவது வரலாற்றுப் பிழை.

பெற்றதும் இழந்ததும்

1947ஆம் ஆண்டின் 31ஆம் சட்டம் பொட்டுக் கட்டுதலைத் தடைசெய்தது. பொட்டுக் கட்டப்பட்ட பெண் சட்டப்படி மணந்துகொள்ளும் உரிமையை உறுதிசெய்தது. இது நீதி, இதில் எனக்கு ஐயமில்லை. ஆயினும் அச்சட்டம் கோயில் வளாகத்திலும் ஊர்வலத்திலும் பெண்கள் ஆடுவதையும் குற்றமாக்கியது. இதற்கிடையே சதிர், பரதநாட்டியம் என்னும் பெயருடன் சபா மேடைகளில் ஏறிவிட்டது. 1930களின் தொடக்கத்தில் முத்துலட்சுமிக்கும் கலைக்கு வாதாடிய வழக்கறிஞர் ஈ. கிருஷ்ண ஐயருக்கும் நாளிதழில் நடந்த கடித விவாதம், ஆட்டத்தைக் காப்பதா ஒழிப்பதா என்பது பற்றியது. ஆடியவர்கள் இனி எங்கே செல்வர் என்னும் வினா அதில் பின்தங்கிப்போயிற்று. 1935இல் ருக்மிணி தேவி மேடையேறினார். பிற குலப் பெண்களுக்குக் கதவு திறந்தது. மரபில் வந்தோருள் பாலசரசுவதியைப் போல் உலகப் புகழ் பெற்றவர் மிகச் சிலரே. மற்றையோர் சலங்கையைப் பெட்டிக்குள் வைத்துப் பூட்டினர்.

முத்துலட்சுமி சட்டத்தோடு நின்றவரல்லர் என்பதையும் சொல்லவேண்டும். அடைக்கலம் தேடி வந்த சிறுமியருக்காக 1930இல் அவர் தொடங்கிய இல்லத்துக்கு ஒளவையின் பெயரைச் சூட்டினார். கல்வி கேட்ட விண்ணப்பத்துக்கு, எதிரணியில் நின்றவரே விடையளித்தார். அரசு அதனை அன்று செய்யவில்லை. இராமாமிர்தம் அம்மையார் பெயரில் 1989இல் தொடங்கப்பெற்ற திருமண உதவித் திட்டம், 2022இல் பெண்களின் உயர்கல்வி உறுதித் திட்டமாக மாற்றப்பட்டபோது, அந்தப் பழைய விண்ணப்பமே என் நினைவுக்கு வந்தது.

நிறைவாக

பொதுக்கருத்து ஒரு வழக்கத்தை ஒழிக்க இருபதாண்டுகள் போதுமாயின. அவ்வழக்கத்தில் வாழ்ந்தோர் மேல் படிந்த இழிசொல்லை ஒழிக்க முக்கால் நூற்றாண்டும் போதவில்லை. சட்டம் பொட்டை அறுத்தது; சொல்லை அறுப்பது சட்டத்தின் வேலையன்று. அது சொல்லைக் கையாள்வோர் வேலை, அஃதாவது நம் வேலை.

கவிஞர்களுக்கு எச்சொல்லையும் விலக்கென விதிக்க நான் வரவில்லை. விலைபோனவரைப் பாட வேண்டுமாயின் வாங்கியவரையும் பாடுங்கள் என்றே கேட்கிறேன். உவமை தேடும் பொழுதில், தளிச்சேரியின் ஒரு சிறகில் தன் வீட்டு எண்ணோடும் பெயரோடும் நிற்கும் எடுத்தபாதத்தை ஒருகணம் எண்ணுங்கள். அந்த அம்மையாரிடம் நான் சொல்ல விரும்பும் மறுமொழி இதுவே: அம்மா, அன்று கைதட்டியது பிழை.

பதினோராம் ஆண்டில் அடியெடுத்து வைக்கும் நம் வட்டம் வாழ்க!