கூடாரம் அடித்த மணலுக்கு ஒரு பெயர் இருந்தது

டிசம்பர், ஜனவரி எங்களுக்கு மாரி மழைக்காலம். அவுஸ்திரேலியாவில் அதுதான் கோடை விடுமுறை. பள்ளிக்கூடம் பூட்டினதும் குயின்ஸ்லாந்துச் சனம் டென்ற், ஐஸ் பெட்டி, மீன் தூண்டில் எல்லாத்தையும் ஜீப்பில் கட்டிக்கொண்டு, வாகனம் ஏற்றுகிற பாதையில் ஒரு தீவுக்குப் போகும். ஊர்காவற்றுறைப் பாதையில் ஏறின ஆக்களுக்கு அந்தக் காட்சி பிடிபடும். கடற்கரையோரம், மணல்மேட்டுக்குப் பின்னால், வரிசையாகக் கூடாரங்கள்.

120 கிலோமீற்றருக்கு மேல் நீளமான அந்தத் தீவுதான் உலகின் மிகப் பெரிய மணல் தீவு. வெறும் மணலில் மழைக்காடு வளர்ந்து நிற்கிறது, நன்னீர் ஏரிகளும் இருக்கின்றன. உலகம் அதை 'பிரேசர் தீவு' என்றே அறிந்திருந்தது. 2023 ஜூனில் அதன் பழைய பெயர் அதிகாரபூர்வமாகத் திரும்பி வந்தது: கர்ரி. அங்கே ஆயிரக்கணக்கான வருடங்களாக வாழ்ந்த புச்சுல்லா மக்களின் கதையில், இந்த இடத்தின் அழகில் மயங்கி இங்கேயே தங்கிவிட்ட ஒரு ஆவியின் பெயர் அது.

அப்ப பிரேசர் யார்? 1836இல் 'ஸ்டேர்லிங் காசில்' என்ற கப்பல் பவளப்பாறையில் மோதி உடைந்தது. கப்டன் ஜேம்ஸ் பிரேசரும் மனைவி எலைசாவும் இன்னும் சிலரும் படகில் இந்தத் தீவை அடைந்தார்கள். கப்டன் அங்கேயே இறந்துபோனார். எலைசா சில வாரங்களின் பின் மீட்கப்பட்டார். இங்கிலாந்துக்குத் திரும்பிய பிறகு அவருடைய கதை 'காட்டுமிராண்டிகளிடம் அகப்பட்ட வெள்ளைக்காரி'யின் கதையாக ஊதிப் பெருப்பிக்கப்பட்டு, நன்றாக விற்பனையானது. புச்சுல்லா மக்கள் சொல்லும் கதை வேறு: கரையொதுங்கியவர்களை நாங்கள்தான் காப்பாற்றினோம் என்கிறார்கள். எலைசா உயிரோடு திரும்பினார் என்றால், யாரோ அவருக்குச் சாப்பாடு கொடுத்திருக்கத்தானே வேணும்? ஆனால் தீவுக்கு வைத்தது, சாப்பாடு கொடுத்தவர்களின் பெயரை அல்ல.

பெயரோடு நிலமும் போனது. 1860களில் மரம் வெட்டத் தொடங்கினார்கள், 1991 வரை வெட்டினார்கள். கடல்நீரில் இலகுவில் உக்காத சற்றினை மரம் சூயஸ் கால்வாய் வேலை வரைக்கும் போனது. 1897இல் தீவில் பழங்குடியினருக்கென்று ஒரு குடியிருப்பு அமைத்து, பெருநிலத்திலிருந்தும் ஆட்களைக் கொண்டுவந்து அடைத்தார்கள். நோயிலும் பட்டினியிலும் பலர் செத்தார்கள். 1904இல் அதை மூடி, மிஞ்சினவர்களில் அதிகமானோரைத் தூர இடங்களுக்கு அனுப்பினார்கள்.

இதுக்குப் பிறகுதான் 'மனிதக் கால் படாத சொர்க்கம்' என்ற சுற்றுலா விளம்பரம். கால் படாத இடமில்லை அது. ஆட்களை அகற்றி வெறுமையாக்கிய இடம்.

1970களில் சூழல் ஆர்வலர்கள் போராடினார்கள். 1976இல் மணல் அகழ்வு நின்றது. 1992இல் யுனெஸ்கோ உலக மரபுரிமைப் பட்டியலில் தீவு சேர்ந்தது. சனம் இன்னும் கூடியது. கூடாரக்காரர் போட்ட சாப்பாட்டுக்குப் பழகிய டிங்கோ நாய்களுக்கு மனிதரில் இருந்த பயம் போய்விட்டது. 2001இல் ஒன்பது வயதுச் சிறுவன் ஒருவனை அவை கொன்றன. அதற்குப் பதிலாக முப்பது அளவில் நாய்களைக் கொன்றார்கள். புச்சுல்லா மக்களுக்கு அந்த நாய் 'வொங்காரி', அவர்களின் பண்பாட்டில் ஒரு பங்கு. இன்றைக்குச் சில முகாம்களைச் சுற்றி வேலி நிற்கிறது. சாப்பாட்டைப் பூட்டி வைக்கச் சொல்கிறார்கள்.

2020 ஒக்டோபரில் ஒரு முகாமில் சட்டவிரோதமாக மூட்டிய நெருப்பைத் தண்ணீர் ஊற்றி அணைக்காமல் மணலால் மூடிவிட்டுப் போனார்கள். மணலுக்குக் கீழே தணல் சாகாது, சூட்டைப் பிடித்து வைத்திருக்கும். அந்தத் தணல் காட்டுத்தீயானது. இரண்டு மாதமளவில் எரிந்து, தீவின் பாதிக்கு மேல் கருகியது. நெருப்பை எப்போது, எங்கே வைப்பது என்ற அறிவோடு தலைமுறை தலைமுறையாக அந்தக் காட்டைப் பார்த்தவர்களை அகற்றிய மண்ணில்தான் இது நடந்தது.

2014இல் நீதிமன்றம் தீவின் மீது புச்சுல்லா மக்களுக்கு இருக்கும் பூர்வீக உரிமையை ஏற்றுக்கொண்டது. ஒன்பது வருடம் கழித்துப் பெயரும் வந்தது. பெயர்தானே, அதில் என்ன இருக்கு என்று எங்கட ஆக்கள் யாரும் கேட்கமாட்டார்கள். பெயர்ப்பலகையில் ஒரு ஊர் எப்படிக் காணாமல் போகும் என்று எங்களுக்குத் தெரியும்.

அங்கே கூடாரம் அடிக்கப் போகிறவர்களுக்குப் புச்சுல்லா மக்கள் தங்கள் மூன்று நெறிகளைச் சொல்கிறார்கள். நிலத்துக்கு எது நல்லதோ அதுதான் முதலில். உனக்குச் சொந்தமில்லாததைத் தொடாதே, எடுக்காதே. நிறைய இருந்தால் பகிர்ந்து கொடு. 1836இல் கரையொதுங்கியவர்களுக்கு மூன்றாவது நெறிப்படி நடந்தார்கள். வந்தவர்கள் இரண்டாவதை மீறினார்கள். இனிப் போகிறவர்கள் முதலாவதிலிருந்து தொடங்கலாம்: நெருப்பில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிவிட்டு வருவது அதற்குள் அடங்கும்.