அய்யாவழியும் துகபோர்களும்: ஒடுக்கப்பட்ட உழவர் சமயங்கள் – ஓர் ஒப்புநோக்கு

அரசும் திருச்சபையும் இணைந்து ஒடுக்கிய ரஷ்ய உழவர் சமயக் குழுவினர் துகபோர்கள் ஆவர். குருமாரையும் திருவுருவங்களையும் மறுத்த இவர்கள், படைக்கருவி ஏந்துவதையும் பாவம் எனக் கருதினர். இவர்களுக்கு இணையாகத் தமிழ் மண்ணில் எண்ணத்தக்க சமயம், தென் திருவிதாங்கூரில் தோன்றிய அய்யாவழியாகும். இவ்விரண்டும் ஒடுக்குமுறையை எதிர்கொண்ட முறையை ஒப்பிட்டு நோக்குவதே இக்கட்டுரையின் நோக்கமாகும்.

அய்யாவழியின் நிறுவனர் வைகுண்டர் 1809இல் பிறந்தார். பெற்றோர் இட்ட பெயர் முடிசூடும் பெருமாள் என்பதாகும். ஒடுக்கப்பட்ட குலத்துப் பிள்ளைக்கு அப்பெயர் ஆகாது என மேற்குலத்தார் எதிர்த்தமையால், அது முத்துக்குட்டி என மாற்றப்பட்டது என்பது வழிவழிச் செய்தி. பெயரிலேயே ஒடுக்குமுறை தொடங்கிவிட்டமை இதனால் புலனாகும். பனையேற்றத்தையும் கூலி உழைப்பையும் நம்பி வாழ்ந்த அம்மக்கள் மீது தலைவரியும் கூலியற்ற ஊழியமும் சுமத்தப்பட்டிருந்தன. ஆடவர் தலைப்பாகை அணியவும், பெண்டிர் மேலாடை அணியவும் தடை இருந்தது.

1833இல் திருச்செந்தூர்க் கடலிலிருந்து வைகுண்டராக வெளிப்பட்டதாகக் கருதப்படும் அவர், இன்று சாமிதோப்பு எனப்படும் ஊரில் அமர்ந்து போதித்தார். பலியும் காணிக்கையும் வேண்டா என்றார். தலைப்பாகை அணிந்து வழிபடுமாறு பணித்தார். வழிபாட்டிடத்தில் சிலைக்கு மாற்றாகக் கண்ணாடி வைக்கப்பட்டது. காணிக்கை செலுத்துதலும் முடியிறக்குதலும் நாள்தோறும் நிகழும் திருப்பதியிலிருந்து நோக்குவார்க்கு, இம்மாற்றத்தின் ஆழம் எளிதில் விளங்கும்.

கண்ணாடியின்முன் நிற்பவன் காண்பது தன் முகத்தையே. துகபோர்களும் வழிபாட்டுக் கூட்டத்தில் ஒருவரையொருவர் தாழ்ந்து வணங்குவர். எதிர்நிற்பவரின் உள்ளுறையும் இறைமைக்கே அவ்வணக்கம் உரியது. இறைவன் எளியவனுக்குள் உறைகிறான் எனின், அவனைத் தாழ்த்தும் ஆட்சி தன் அறத்தகுதியை இழந்துவிடும். இரு நாட்டு அரசுகளின் அச்சத்திற்கும் வேர் இதுவே எனலாம்.

சுவாதித் திருநாள் ஆட்சியில் 1838இல் வைகுண்டர் சிறைப்பட்டார். திருவனந்தபுரம் சிங்காரத்தோப்பில் 110 நாட்கள் அடைபட்டிருந்து, 1839இல் விடுதலை பெற்றார். தம் குலத்தாரோடு மட்டுமே கூடுவதாக ஒப்புதல் தருமாறு கேட்கப்பட்டபோது அவர் இணங்கவில்லை என்பர். கூட்டம் கூடியதைவிட, குலம் கடந்து கூடியதே அரசை உறுத்தியது என்பது இதனால் பெறப்படுகிறது.

இக்காலத்தை ஒட்டியே, 1841 முதல் 1845 வரை, முதலாம் நிக்கோலஸ் மன்னன் துகபோர்களைக் காகசஸ் மலைக்கு அப்பால் கடத்தினான். அங்கு 1895இல் அவர்கள் தம் படைக்கருவிகளைக் குவித்து எரித்தனர். கொசாக்குப் படையினரின் தாக்குதலுக்கும் ஆளாயினர். டால்ஸ்டாய், குவேக்கர்கள் ஆகியோரின் உதவியோடு 1899இல் ஏறத்தாழ 7,500 பேர் கனடாவில் குடியேறினர்.

துகபோர்கள் நாடு நீங்கினர். அய்யாவழியினர் ஊரிலேயே நிலைத்தனர். இதற்குக் காரணங்கள் உள. முன்னவர்க்கு வெளியுதவியும் குடியேற நிலமும் கிட்டின. பின்னவரோ, கலி அழிந்து தர்மயுகம் தம் மண்ணிலேயே மலரும் என நம்பினர். எனவே துவையல் தவசில் 700 குடும்பத்தார் கூடித் தூய வாழ்வு பயின்றனர். அனைவர்க்கும் பொதுவான முந்திரிக்கிணறு தோண்டப்பட்டது. ஊர்தோறும் நிழல்தாங்கல்கள் எழுந்தன. துகபோர்கள் கடல் கடந்து தேடியதை இவர்கள் கிணற்றடியிலும் உணவுப் பந்தியிலும் உருவாக்க முயன்றனர்.

இவ்வரலாற்றுக்கு முதன்மைச் சான்று, வைகுண்டரின் சீடர் அரிகோபாலன் கொல்லம் 1016இல் (1840-41) எழுதிய அகிலத்திரட்டு அம்மானையாகும். 17 பகுதிகளைக் கொண்ட இந்நூல், மன்னனைக் கலிநீசன் என்றும் ஆங்கிலேயரை வெண்நீசன் என்றும் சுட்டுகிறது. ஏட்டிலும் வாயிலும் வாழ்ந்து 1939இல்தான் அச்சேறியது. துகபோர்களின் திருப்பாடல்களும் நெடுங்காலம் வாய்மொழியாகவே வழங்கி, 1909இல் தொகுத்து அச்சிடப்பட்டன.

பக்தி நூல் என்பதனால் அகிலத்தை வரலாற்றாய்வு ஒதுக்கிவிடுதல் பொருந்தாது. புராணக் கூறுகளைப் பிரித்தறிதல் வேண்டும் என்பது உண்மையே. ஆயினும் வைகுண்டரின் செல்வாக்கை, அவரைத் தம் பணிக்குத் தடையாகக் கண்ட லண்டன் மிஷன் சங்கத்தாரின் அறிக்கைகளும் உறுதிப்படுத்துகின்றன.

வைகுண்டர் 1851இல் மறைந்தார். மேலாடை உரிமைக்கான அரச ஆணை 1859இல்தான் வந்தது. சட்டம் இசையுமுன்னரே தலைப்பாகை அணிந்து நிமிர்ந்து நின்ற மக்களின் வரலாற்றை அரசாவணத்தில் மட்டும் தேடினால், தண்டித்தவரின் குரலே மிஞ்சும். தண்டிக்கப்பட்டவரின் குரலை அம்மானை காத்துள்ளது. அதனை ஆவணமாகப் பயில்வது தமிழாய்வின் கடமையாகும்.